இருபத்து மூன்றுக்குப் பதினொன்று

1977 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். காற்று இல்லை. பனி தரையோடு படுத்திருந்தது. முன்னால் போன அப்பாவின் தலை தெரிந்தது, கால் தெரியவில்லை. ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் சாலையில் இரண்டாவது மைல்கல்லைத் தாண்டி, இடது பக்கம் பிரியும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அப்போது என்னிடம் இருந்த இருநூறு பக்க நோட்டு. எனக்குப் பதினோரு வயது. எதைப் பார்த்தாலும் எண்ணி அதில் எழுதிவிடுவேன். சரக்கு ரயிலுக்கு எத்தனை பெட்டி, பள்ளிக்கூடத்து மாடிக்கு எத்தனை படி, அம்மா ஒரு வேளைக்கு எத்தனை களி உருண்டை பிடிக்கிறாள், எல்லாம் அதில் இருக்கும். நேரம் அப்பாவின் கைக்கடிகாரத்தில் பார்த்தது. அது நாளொன்றுக்கு மூன்று நிமிடம் பின்தங்கும். அந்த மூன்றையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். இப்போது அறுபது ஆகிறது. பழக்கம் போகவில்லை. இன்று காலையில்கூட மாத்திரைகளை இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் ஒன்று குறைந்தது. மருந்துக்கடைக்காரன் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, ஆனால் அது வேறு விஷயம்.

அப்பாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதினாறு வயதிலிருந்து பத்தொன்பது வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்குவாரிகளில் பாறை உடைத்தவர். குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து குந்திக்கொள்வது; வெடித்துப் புகை அடங்கியதும் மறுபடி போவது. ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் என் தாய்மாமன் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆறு மாதம் கழித்து அப்பாவையும் அதே ஷெட்டில் சேர்த்துவிட்டார். குடும்பம் வரிசை வீடு ஒன்றுக்குக் குடிவந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை; அப்பா, அம்மா, நான், என் தங்கை.

அந்த அறைக்குள் அப்பா படுத்து நான் பார்த்ததில்லை. மழை நாள் தவிர, வருஷம் முழுக்க வாசலில் கயிற்றுக் கட்டில்தான். மார்கழிப் பனியிலும் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே கிடப்பார். “கூரைக்கு அடியில படுத்தா எனக்குக் கனவே வரமாட்டேங்குது” என்பார். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையிலேயே நின்றது, காசும் கிடையாது. அவர் ஏறமாட்டார். விடிகாலையில் வரப்பு வழியாக நாலரை மைல் நடந்துபோய், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து, நாலரை மைல் நடந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கும் நடப்பார், என்னையும் கூட்டிக்கொண்டு.

அவர் செய்த வேலையைச் சொல்லவேண்டும். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி எடுத்த உருப்படிகள், அவர்கள் பாஷையில் காஸ்டிங்குகள், ஆறியபின் அப்பாவின் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் கொக்கியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல காஸ்டிங் மணி மாதிரி நின்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் உடைந்த சட்டி மாதிரி ‘டொக்’கென்று அடங்கிவிடும். நல்லது வலது பக்கம், கெட்டது இடது பக்கம். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு. விரிசல் விட்டது ஒன்று வெளியே போய்விட்டால் மொத்த லோடும் திரும்பி வரும். அதனால் அந்த ஒரு மேசைக்கு மட்டும் சம்பளத்துக்கு மேல் மாதாமாதம் ஊக்கத்தொகை உண்டு. நாலு வருஷத்தில் ஒரு லோடுகூட அப்பாவால் திரும்பியதில்லை. ஆயுத பூஜைக்குக் குடும்பங்களை உள்ளே விட்டபோது நான் அந்த மேசையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. காட்டோரமாக ஒரு மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உட்காரவேண்டும். புதிதாக ஒரு பறவையின் குரல் கேட்டால் ஒரு கூழாங்கல்லை மடியில் போட்டுக்கொள்ளவேண்டும். கண்ணைத் திறந்ததும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கல்லை வெளியே எடுக்கவேண்டும். பெயரெல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்ததுதான். ஆரம்பித்த வருஷம் அவருக்கு இருபத்தேழு கல், எனக்கு எட்டு. அடுத்த வருஷம் இருபத்து நாலுக்குப் பதின்மூன்று. பிறகு ஒருநாள் பதினேழுக்குப் பத்தொன்பது. அன்றுதான் முதல்முறையாக நான் ஜெயித்தேன். நான் வளர்ந்துகொண்டிருக்கிறேன் என்று நோட்டில் கோடிட்டு எழுதினேன்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை ஒரு புளியமரத்தடி. நேரம் முடிந்ததும் அப்பா முதலில் சொன்னார். செம்போத்து, மயில், அண்டங்காக்கை, மாடப்புறா என்று போய்ப் பதினொன்றில் நின்றது. நான் அந்தப் பதினொன்றையும் சொல்லி, மேலே பன்னிரண்டு சொன்னேன். கடைசியாகத் தேன்சிட்டு.

“தேன்சிட்டா? எங்க?”

“தலைக்கு மேலயேப்பா. இப்பவும் கத்துது பாருங்க.”

அப்பா அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டினால் எட்டுகிற கிளையில் கட்டைவிரல் அளவுப் பறவை, தொண்டை புடைக்கப் புடைக்கக் கத்திக்கொண்டிருந்தது. அது பறந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவர்களுக்குக் கொடுப்பது மாதிரி எனக்குக் கை கொடுத்தார்.

“கெலிச்சிட்டடா. எழுதிக்க. நான் உட்டது எதெதுன்னு, அதையும் பேரோட எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். சில மாதங்களாகவே அப்படித்தான் எழுதச் சொல்லிவந்தார். தோற்றவர் தன் தோல்வியை விவரமாக எழுதச் சொல்வது பெருந்தன்மை என்று நினைத்தேன்.

ஏழரை மணிக்குச் சாலையோரம் இருந்த பாய் கடையில் டீ குடிக்க நின்றோம். அங்கே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் கூடை நிறைய முள்ளங்கியும் கொத்தமல்லியும். அப்பாவின் ஷெட் சூப்பர்வைசர். மதராஸ்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்கே வந்து காய்கறி வாங்கிப் போவார். அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து அவருக்கு நேர் எதிரே போய் நின்றார். யார் பேசினாலும் எதிரே போய் நின்று முகத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். மரியாதை தெரிந்தவர் என்று ஷெட்டில் அதற்கும் ஒரு பெயர் இருந்தது.

“என்னப்பா, லீவு நாள்லயும் ஊர் சுத்தலா? ஒரு நாளாவது வீட்ல படுத்துத் தூங்கக் கூடாதா?”

“படுத்தா முதுவு வலிக்குதுங்க சார்.”

“உனக்கு மட்டும் எல்லாம் தலைகீழா இருக்குய்யா” என்று சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்னடா, எத்தனாவது படிக்கிற?”

எனக்குச் சொல்லவேண்டியது வேறு ஒன்று இருந்தது.

“சார், நான் இன்னிக்கு அப்பாவ கெலிச்சிட்டேன்.”

“எதுலடா?”

“காதுல சார்.”

அவர் பாயைப் பார்த்துக் கண்ணடித்தார். “உங்கப்பன் காது கம்பெனி காதுடா. அதையா கெலிச்ச?”

“இருபத்து மூணு பறவை சார். அப்பா பதினொண்ணுதான். தேன்சிட்டு தலைக்கு மேல கத்துது, அப்பாவுக்குக் கேக்கவே இல்ல. போன வாரமும் கேக்கல. எழுதி வெச்சிருக்கேன், பாக்கறீங்களா?”

அப்பா என் பக்கம் திரும்புவதற்குள் நோட்டு சூப்பர்வைசர் கையில் இருந்தது. அவர் ஒரு பக்கம் பார்த்துச் சிரித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கித் திருப்பிக்கொண்டே போனார். இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள், தேதியோடு, அப்பாவின் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும். சிரிப்பு எந்தப் பக்கத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நோட்டை மூடி, என்னிடம் தராமல் அப்பாவிடம் தந்தார்.

“நாளைக்குப் பாக்கலாம்பா.”

“சரிங்க சார்.”

ஸ்கூட்டர் போனதும் அப்பா எனக்கு இரண்டாவது நிப்பட்டு, எங்கள் பக்கத்து அரிசித் தட்டை, வாங்கிக் கொடுத்தார். அதுவரை ஒரு டீக்கு ஒரு நிப்பட்டுதான். வீடுவரை அவர் கை என் தோளில் இருந்தது. சூப்பர்வைசருக்கே நம் நோட்டைக் காட்டியாயிற்று என்ற பெருமையில் நான் நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மாமா சட்டையைக்கூட மாற்றாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வெளியே கட்டிலில் இருந்தார். அம்மா அடுப்படியில்.

“அக்கா, இன்னிக்கு உன் புருஷன் பண்ண வேலைய ஊரே பாத்துச்சு” என்று தொடங்கி, என்னைப் பார்த்ததும் பல்லைக் கடித்தார். “உன் வாயில ஒரு காஸ்டிங்க வெச்சு அடைக்கணும்டா!”

நடந்தது இது. சூப்பர்வைசர் யாருக்கும் சொல்லாமல் இருநூறு நல்ல காஸ்டிங்குகளோடு ஏழு விரிசல் விட்டதைக் கலந்து அப்பாவின் மேசைக்கு அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் சாணை பிடிக்கும் மிஷின்களை ஒன்றுவிடாமல் ஓடவும் விட்டிருக்கிறார். பிறகு பின்னால் வந்து நின்றுகொண்டார். விஷயம் கசிந்து, ஷெட்டே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அப்பா வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தட்டினார். முடிந்தபோது இடது பக்கம் எட்டு இருந்தது.

“சூப்பர்வைசர் எண்ணிப் பாக்கறாரு. ‘ஏழுதாம்பா, ஒண்ணு அதிகமா எடுத்துட்ட’ங்கறாரு. மச்சான் அசையல. ‘எட்டு சார்’ங்கறாரு. ‘நான்தான்யா எண்ணிப் போட்டேன், ஏழு!’ ‘நீங்க போட்டது ஏழு சார். இருக்கறது எட்டு.’ ”

அந்த எட்டாவதைச் சீமெண்ணெயில் முக்கி எடுத்து, நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியைப் பூசி வைத்தார்கள். இரும்பில் விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பூச்சில் கறையாகத் தெரியும். ஐந்து நிமிடம் ஷெட்டே அதைச் சுற்றி நின்றதாம். பிறகு மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

“கைதட்டு அடங்கல அக்கா. விசில் வேற. அப்பறம் அந்தாளு கிட்ட வந்து, நேரா மூஞ்சியப் பாத்து கேட்டாரு. ‘உண்மையச் சொல்லுய்யா. உனக்குக் காது கேக்குதா?’ மச்சான் இப்படிக் காட்டறாரு.”

மாமா தன் இடது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“ ‘இதுக்குக் கேக்குதுங்க சார்’ங்கறாரு!”

தட்டும்போது இடது கட்டைவிரல் நகத்தை உருப்படியின் விளிம்பில் ஒட்டினாற்போல் வைத்துக்கொள்வாராம். நல்ல இரும்பு நகத்தடியில் நெடுநேரம் நடுங்கும். விரிசல் விட்டது பட்டென்று செத்துவிடும். காது மெல்ல மெல்லப் போகப் போக, அவராகவே விரலுக்குப் பழக்கிக்கொண்டார். சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை.

“நாலு வருஷமா பக்கத்து மேசையில நிக்கறேன், எனக்கே தெரியாது” என்றார் மாமா.

அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “ரெண்டு வருஷமா, பின்னாலருந்து கூப்பிட்டா திரும்பறதே இல்ல. வீம்புன்னு நெனச்சுட்டேனே” என்றாள்.

எனக்கு அதில் காதில் விழுந்தது ஏழுக்கு எட்டு என்பது மட்டும்தான். அன்றிரவே எழுதிக்கொண்டேன்: சூப்பர்வைசர் 7, அப்பா 8.

ஆனால் கம்பெனிக்குச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அந்த மேசையில் நிற்பவருக்குக் காது கேட்கிறது என்று டாக்டர் எழுதித் தரவேண்டும். வியாழக்கிழமை வந்த டாக்டர் அப்பாவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னாலிருந்து மணியடித்துப் பார்த்துவிட்டு, எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் மேலே போய் இரண்டு தரம் வாதாடினார் என்று மாமா சொன்னார். கட்டைவிரலுக்குச் சர்டிபிகேட் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

ஜனவரி முதல் வாரம் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அப்பா அதை என்னிடம் நீட்டினார். மாமாவும் அப்போது இருந்தார். ஆறாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் எழுத்துக்கூட்டினேன். தேதி தெரிந்தது. அப்பாவின் பெயர் தெரிந்தது. தோட்டம் என்ற சொல் தெரிந்தது. கடைசி வரியில் ரூபாய் முப்பத்தெட்டு என்ற எண் தெரிந்தது. மற்றதை எண்ணுக்குத் தக்கபடி நானே நிரப்பிக்கொண்டேன்.

“அப்பா, உங்கள தோட்டத்துக்கு மாத்தியிருக்காங்க. வெளிய வேலை! மாசம் முப்பத்தெட்டு ரூபா ஏத்திக் குடுத்திருக்காங்க!”

மாமா வாயைத் திறந்தார். அப்பா கையைத் தூக்கினார். மாமா மூடிக்கொண்டார்.

“அப்படியா? அப்ப எல்லாரும் கெளம்புங்க. மசால் தோசை சாப்டுட்டு வரலாம்.”

“இப்ப எதுக்கு தோசை?” என்றாள் அம்மா.

“இங்கிலீஷ் கடுதாசிய பையன் படிச்சுட்டான் இல்ல. அதுக்கு.”

“நான் வல்ல மச்சான்” என்று மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நான் முடிவு செய்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் நாலு மசால் தோசை. தங்கை பாதியை மிச்சம் வைத்தாள், அதை அப்பா சாப்பிட்டார். என் இங்கிலீஷைப் பற்றி சர்வரிடம் இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் வாயால்தான் அப்பாவுக்குப் பிரமோஷன் கிடைத்தது என்று ஆறு பேரிடம் சொன்னேன்.

தோட்டம் என்று பெயர்தான். கம்பெனிச் சுவருக்குள் இருந்தது பாறையும் முள்ளும். அதில் இறங்கி அப்பா கடப்பாரையால் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்தார். குவாரிக்காரர் கை, பாறை எங்கே பிளக்கும் என்று அதற்குத் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் வெளியிலிருந்து வண்டல் சுமந்து கொட்டினார். முதல் வருஷம் அறுபத்து நாலு கன்று, பிழைத்தது ஐம்பத்தொன்று. செத்த பதின்மூன்றையும் அதே குழிகளில் மறுபடி வைத்தார். புங்கன், வேம்பு, நாவல், இலுப்பை. வெயில் காலத்தில் தோளில் குடம் சுமந்தே தண்ணீர் ஊற்றினார். 1996 மே மாதம் ரிட்டையர் ஆகும்போது முந்நூற்று நாற்பத்தாறு மரம் நின்றது. மூன்று ஷிப்டும் அந்த நிழலில்தான் சோற்று டப்பாவைத் திறந்தது. புது ஷெட் கட்டும்போது கொஞ்சம் வெட்டினார்கள். போன மாதம் சுவருக்கு வெளியே நடந்து, தெரிகிறவரை எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. வாட்ச்மேன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். எங்கப்பா வெச்சதுப்பா என்றேன். எது என்றான். எல்லாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நடையும் நிற்கவில்லை. விளையாட்டை மட்டும் அப்பா மாற்றினார்: இனிமேல் கண்ணைத் திறந்துகொண்டு எண்ணவேண்டும். தொண்டை அசைவதையும் வால் துடிப்பதையும் வைத்தே எந்தப் பறவை கத்துகிறது என்று சொல்லிவிடுவார். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் அவரை ஜெயித்ததில்லை.

அவர் போனபின் பெட்டியை ஒழித்தபோது அந்தக் கடிதம் கிடைத்தது. அதற்குள் எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்திருந்தது. செவித்திறன் குறைவால் மேசை வேலையிலிருந்து தோட்டத்துக்கு மாற்றம். மாதம் முப்பத்தெட்டு ரூபாய் ஊக்கத்தொகை நிறுத்தம். அவருக்கு அது அன்றைக்கே தெரியும். முதல் நாளே ஆபீசில் கேட்டுக்கொண்டு வந்திருந்தார் என்று மாமா பிற்பாடு சொன்னார். தெரிந்துகொண்டுதான் கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்திருக்கிறார். பழைய நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். அந்த ஜனவரியில் வீட்டுக்குப் பால் அரைப்படியிலிருந்து கால்படி ஆனது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏன் என்று எழுதவில்லை. அப்பா விட்ட பறவைகளின் பட்டியலும் இருக்கிறது, வாரா வாரம், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. மெல்லிய குரல்கள் முதலில் போயிருக்கின்றன. தன் காது எவ்வளவு மிச்சம் என்று அவர் அளந்துகொண்டிருந்தார். நான் யார் ஜெயித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1978 ஜனவரி முதல் 1996 மே முடிய இருநூற்று இருபத்தொரு மாதம். மாதம் முப்பத்தெட்டு என்றால் எட்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஊக்கத்தொகை நடுவில் ஏறியிருக்கும். எவ்வளவு என்று தெரியாததால் சேர்க்கவில்லை. தோசை ஒன்று எண்பது காசு, நாலுக்கு மூன்று ரூபாய் இருபது காசு. ஆக மொத்தம் எட்டாயிரத்து நானூற்று ஒரு ரூபாய் இருபது காசு.